முதல் பில்லுக்கு முன் ரிட்டர்ன் கிடையாது

இந்த மாதம் பதினோராம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது நாற்பது. தொம்மலூர் கடையின் ஷட்டருக்கு வெளியே பத்தொன்பது பேர் நின்றிருந்தோம். பதினெட்டு பேர் கடையில் வேலை பார்ப்பவர்கள். நான் ஒருவன் மட்டும் அலுவலகத்திலிருந்து பில்லிங் மென்பொருளைப் பார்க்க வந்தவன். பில் போடும் முனிலட்சுமிக்கு போன் வந்தது. பேசியது கடை மேலாளர் பிலோமினா அக்காவின் தங்கை. விடியற்காலையில் அக்காவுக்கு மாரடைப்பு. காக்ஸ் டவுன் வீட்டிலிருந்து ஆட்டோ கிளம்பும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது.

சிறிது நேரத்தில் மண்டல அலுவலகத்திலிருந்து இரங்கல் செய்தி வந்தது. அதன் கடைசி வரி: கடை வழக்கம்போல் பத்து மணிக்குத் திறக்கப்படும். திறந்தோம். கவுண்டரில் இருந்தவர்கள் அழுதுகொண்டே பில் போட்டார்கள். என்ன ஆயிற்று என்று கேட்ட வாடிக்கையாளர்களில் பலர், "அய்யோ, அந்தச் சத்தம் போடுற மேடமா?" என்றார்கள்.

அந்த மேடம்தான். அவரை அறிந்த உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இரங்கல் கூட்டத்தில் பேசியவர்கள் அவரை அமைதியானவர், எல்லோரையும் அனுசரித்துப் போகிறவர் என்றார்கள். யாரைச் சொன்னார்களோ தெரியவில்லை. எனக்குத் தெரிந்த பிலோமினா அக்கா ஒருமுறை என் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கி, குப்பைத் தொட்டிகள் அடுக்கியிருந்த ரேக்கில் எறிந்தவர். பிளக்கில் அவருடைய மின்விசிறி இருக்க வேண்டுமாம்.

எங்கள் நிறுவனம் ஐரோப்பாவிலிருந்து வந்தது. வீட்டுச் சாமான் விற்கிறது. எல்லா நாட்டிலும் ஒரே கடை, ஒரே அடுக்கு, ஒரே விதி என்பது அதன் பெருமை. அந்த விதிகளில் ஒன்று, வாங்கிய பொருளைக் காரணம் சொல்லாமல் எப்போது வேண்டுமானாலும் திருப்பித் தரலாம் என்பது. தொம்மலூரில் மட்டும் காலை நேரத்து ரிட்டர்ன்கள் இழுத்துக்கொண்டே போயின. மென்பொருளில் கோளாறு என்று நினைத்து என்னை அனுப்பினார்கள்.

போன முதல் நாளே கோளாறைக் கண்ணால் பார்த்தேன். கடை திறந்ததும் ஒருவர் கெட்டிலைத் திருப்பித் தர வந்தார். முனிலட்சுமி அதைத் தொடவே இல்லை. "சார், இன்னும் போணி ஆகல. கொஞ்சம் உக்காருங்க" என்றாள். நான் அவர் சண்டை போடுவார் என்று காத்திருந்தேன். அவர் கன்னடத்தில், "இன்னூ போணி ஆகில்வா? சரி பிடம்மா", அதாவது சரி விடும்மா என்று சொல்லி, நாற்காலியில் உட்கார்ந்து போனைப் பார்க்கத் தொடங்கினார். அன்றைய முதல் வியாபாரம் நடப்பதற்கு முன் கல்லாவிலிருந்து காசு வெளியே போகக் கூடாது. இதை அவருக்கு யாரும் விளக்கவில்லை. எனக்கும் தெரியாததல்ல, வேலூரில் எங்கள் தெரு மளிகைக் கடையிலும் இதே கதைதான். ஆனால் அதை ஒரு சர்வதேசக் கடையில் பார்த்ததும் எனக்கு எரிச்சல் வந்தது. நேராக மேலாளர் அறைக்குப் போனேன்.

"மேடம், இது மூடநம்பிக்கை."

"ஆமா."

"நீங்க நம்புறீங்களா?"

"நான் ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போறவ. எனக்கு எதுக்குடா போணி?"

"அப்ப அந்தப் பொண்ணுகிட்ட சொல்லுங்க."

"என்னன்னு? உன் நம்பிக்கைய நீலசந்திராவுல உன் வீட்லயே வெச்சுட்டு வாடின்னா? காலையில காச எடுத்துத் திருப்பிக் குடுத்தா நாள் பூரா அவ மூஞ்சி தொங்கிடும். அந்த மூஞ்சிய பாத்து எவன் சாமான் வாங்குவான்? உன் சிஸ்டத்துல மூஞ்சிக்கு எங்கயாவது எடம் இருக்கா?"

"இல்ல."

"அப்ப போய் டீ சொல்லிட்டு வா."

அன்று நான் டீ சொல்லவில்லை. அலுவலகத்துக்குத் திரும்பி, ஊழியர்களுக்குப் பயிற்சி போதவில்லை என்று அறிக்கை எழுதினேன். அக்கா அதைப் படித்துவிட்டு போனிலேயே திட்டினார். அதன்பிறகுதான் நாங்கள் பேசிக்கொள்ள ஆரம்பித்தோம்.

தானே பில் போட்டுக்கொள்ளும் இயந்திரங்களும் அங்கே உண்டு. அவற்றை நிறுவியதும் நான்தான். ஒரு நாள் புதுக் குடித்தனத்துக்குச் சாமான் வாங்க மகளுடன் ஒரு அம்மா வந்தார். வரிசையில் நிற்கவேண்டாம், இயந்திரத்தில் சீக்கிரம் முடியும் என்று அவரை அழைத்தேன். "வேணாம்பா. அந்தப் பொண்ணு கையால போடட்டும். மெஷினுக்கு என்ன கைராசி இருக்கு?" என்றார். பின்னால் நின்ற அக்கா சிரித்த சிரிப்பில் எனக்குக் காது சூடானது. மறுவாரம் ஒரு இயந்திரத்தை அணைத்துவிட்டு அந்த இடத்தில் பெஞ்சு போட்டார். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. பெஞ்சு காலியாக இருந்து நான் பார்த்ததில்லை.

எல்லாவற்றிலும் அவர்தான் சரி என்று சொல்ல மாட்டேன். நவம்பர் தொடக்கத்திலேயே கிறிஸ்துமஸுக்கான காகித நட்சத்திரங்களை அள்ளி வரவழைத்தார், தொம்மலூர் முழுக்க வாங்கும் என்றார். வாங்கவில்லை. ஏப்ரல் வரை கிடங்கில் தலையில் இடித்தன. "நட்சத்திரம் நல்லாத்தான் இருந்துச்சு, ஜனங்களுக்குத்தான் கண்ணு இல்ல" என்றாரே தவிர, தோற்றதை ஒப்புக்கொள்ளவில்லை.

ஆனால் போணி விஷயத்தில் தோற்க முடியாத நிலை வந்தது. நிறுவனம் வாடிக்கையாளர்போல் வேடமிட்ட ஆட்களை அனுப்பிச் சோதிக்கும். கடை திறந்ததும் ரிட்டர்ன் கேட்ட அப்படிப்பட்ட ஒருவரை முனிலட்சுமி உட்காரச் சொன்னாள். அவளுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. மறுபடியும் ஒருவர், மறுபடியும் ஒரு கடிதம். மூன்றாவது வந்தால் வேலை போய்விடும். அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது.

அக்கா தலைமையகத்தோடு வீடியோவில் பேசினார். என்னையும் பக்கத்தில் உட்கார வைத்தார். அங்கிருந்த அதிகாரி மரியாதையாகத்தான் கேட்டார்: இந்தப் பழக்கத்துக்குக் காரணம் என்ன? அக்கா ஆங்கிலத்தில் சொன்னதன் சாரம் இது: "உங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை நம் கடைகள் மூடியிருக்கின்றன. நான் காரணம் கேட்டேனா? முதலில் உங்கள் காரணத்தைச் சொல்லுங்கள்." அது சட்டம் என்றார் அவர். "சட்டம் போட்டவர்களுக்கு அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது?" என்றார் அக்கா. நெட் போய்விட்டதோ என்று நான் கேபிளைத் தொட்டுப் பார்த்தேன்.

தொம்மலூருக்கு மட்டும் விதிவிலக்கு கிடைத்தது. நான் மென்பொருளில் ஒரு நிபந்தனை சேர்த்தேன்: முதல் பில் விழுந்த பிறகே ரிட்டர்ன் பொத்தான் திறக்கும். வாசலில் கன்னடத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் பலகை வைத்தோம். ஒருவரும் புகார் சொல்லவில்லை. உலகம் முழுக்க ஒரே மாதிரி கடை நடத்தலாம் என்று நினைப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: நடத்தலாம், வாங்குகிறவனும் விற்கிறவளும் உலகம் முழுக்க ஒரே மாதிரி இருந்தால்.

அக்காவை அடக்கம் செய்த மறுநாள் எனக்கு வேலை ஒன்று ஒதுக்கப்பட்டது. தொம்மலூர் நிபந்தனையை நீக்க வேண்டும். அதில் எழுதியிருந்த காரணத்தை அப்படியே தருகிறேன்: "விதிவிலக்குக்குப் பொறுப்பானவர் தற்போது நிறுவனத்தில் இல்லை." செத்துப்போனவரைச் சொல்லும் விதம் இது. திங்கட்கிழமைக்குள் முடிக்க வேண்டுமாம்.

முனிலட்சுமியிடம் சொன்னேன். பில் சுருளை மாற்றிக்கொண்டிருந்தாள், தலை நிமிரவில்லை.

"நான் குடுக்க மாட்டேண்ணா."

"மூணாவது லெட்டர் வரும்."

"வரட்டும். மேடம் இல்லன்னா நான் மாறிடுவேன்னு நெனச்சாங்களா?"

"ஒரு பத்து நிமிஷ விஷயம், முனிலட்சுமி."

"அதான் நானும் சொல்றேன். பத்து நிமிஷம் அவங்களால பொறுக்க முடியலையா?"

சுருளை மாட்டி மூடிவிட்டு, அடுத்த ஆளின் சாமானுக்குக் கை நீட்டினாள்.

அக்கா எனக்கு எதையும் கற்பித்ததில்லை. கற்பிக்க அவருக்குப் பொறுமையும் கிடையாது, கேட்க எனக்கும் கிடையாது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒன்றுதான்: காரணம் கேட்கிறவனிடம் முதலில் அவன் காரணத்தைக் கேட்பது. என் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. தெரிந்துதான் எழுதுகிறேன். இனிச் செய்யப்போவது:

1. நிபந்தனையை நீக்க மாட்டேன். மறுப்பை எழுத்தில் தருவேன்.

2. விதிவிலக்குக்குப் பொறுப்பானவர் என்ற இடத்தில் என் பெயரைப் போடுவேன். நான் நிறுவனத்தில்தான் இருக்கிறேன். நீக்க வேண்டுமென்றால் முதலில் என்னை நீக்கட்டும்.

3. வேறு யாரையாவது வைத்து நீக்கினால், முனிலட்சுமிக்குக் கடிதம் வரும் அன்று அதே கடிதத்தை எனக்கும் கேட்பேன். கடையின் மற்றவர்களிடமும் பேசிவிட்டேன். பதினொரு பேர் கேட்பார்கள். மீதிப் பேர் வீட்டில் கலந்து பேசிச் சொல்கிறோம் என்றிருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

4. திங்கட்கிழமை பத்து மணிக்கு ஷட்டர் தூக்கும்போது முதல் ஆளாக உள்ளே போவேன். ஒரு வாளி வாங்குவேன். பில் முனிலட்சுமி போடுவாள். எனக்குப் போணியில் இப்போதும் நம்பிக்கை இல்லை. வாளி தேவைப்படுகிறது.