கம்பெனி பஸ்ஸில் சொன்ன கொரியப் படங்கள்

கொரிய த்ரில்லர் படங்களை வீட்டில் பார்ப்பது என் வேலை. எங்கள் கம்பெனி பஸ்ஸில் அதைக் கதையாகக் கேட்பது மற்றவர்கள் வேலை. ஓசூரை ஒட்டிய மத்திகிரியிலிருந்து சூளகிரி தொழிற்பேட்டைக்குப் போகும் பஸ் அது. ஏறுகிறவர்கள் முக்கால்வாசி பெண்கள், அசெம்ப்ளி லைனில் நின்று வேலை செய்கிறவர்கள். நான் டிப்ளமோ படித்து குவாலிட்டி செக்கிங்கில் இருக்கிறேன், சப்டைட்டிலை வேகமாகப் படித்துவிடுவேன். டப்பிங்கில் வரும்வரை காத்திருக்க அவர்களுக்குப் பொறுமை கிடையாது. அதனால் நான் பார்த்ததைக் காலையில் தமிழில் சொல்வேன். பின்சீட்டு அக்கா அதையே கன்னடத்தில் இன்னும் கொஞ்சம் ரத்தம் சேர்த்துச் சொல்வாள்.

கம்பெனி கேட் வந்ததும் கதையை நிறுத்திவிட வேண்டும் என்பது நாங்களே வைத்துக்கொண்ட சட்டம். மிச்சம் மறுநாள்தான். அதற்குள் கொலைகாரன் யாரென்று எல்லோரும் ஒரு ஆளைச் சொல்லியாக வேண்டும். தோற்றவர்கள் கேன்டீனில் முட்டை பப்ஸ் வாங்கித் தருவார்கள்.

எந்தப் படம் நல்லா இருக்கும் என்று என்னிடம் கேட்பார்கள். எனக்கு ஒரு கணக்கு உண்டு. போலீஸ்காரன் புத்திசாலியாக இருந்தால் அந்தப் படத்தை விட்டுவிடலாம். அவனுக்குப் பல்வலி இருக்க வேண்டும், வீட்டில் திட்டு வாங்க வேண்டும், தப்பான ஆளைப் பிடித்து அடித்துவிட்டு அப்புறம் தலை குனிந்து நிற்க வேண்டும். கொலைகாரன் முதலிலேயே நம் கண் முன்னால் வந்து போயிருக்க வேண்டும், சூப் குடித்துக்கொண்டோ, யாருக்கோ வழி சொல்லிக்கொண்டோ. அப்படிப்பட்ட படங்களைப் பார்த்த நாட்களில் பாத்ரூம் போகக்கூட கணவரை எழுப்பியிருக்கிறேன்.

பிரசவத்துக்குப் பிறகு படம் பார்ப்பது நின்றுபோனது. லீவு முடிந்து வேலைக்குத் திரும்பியதும் பஸ்ஸில் கேட்டார்களே என்று மறுபடி பார்க்க ஆரம்பித்தேன். கணவர் நைட் ஷிஃப்ட் கிளம்பியதும், பையனைத் தூங்க வைத்துவிட்டு, சமையலறையில் ஒரு காதில் மட்டும் இயர்போன் மாட்டிக்கொண்டு பார்ப்பேன். திரையில் ஒருத்தியைத் துரத்திக்கொண்டு ஓடுவார்கள். நான் பால் பாட்டிலைக் கழுவிக்கொண்டிருப்பேன். பயம் வரவில்லை. படம் சரியில்லையோ என்று வேறொன்றைப் பார்த்தேன். அதிலும் வரவில்லை. பையன் சிரித்தால் சிரிக்கிறேன், அழுதால் தூக்குகிறேன், தடுப்பூசிக்குச் சொன்ன தேதியில் போகிறேன். எல்லாம் சரியாகத்தான் செய்கிறேன். செய்கிறேனா என்று திரும்பத் திரும்பப் பார்த்துக்கொள்ளவும் செய்கிறேன். உள்ளே மட்டும் ஊசி போட்டு மரத்துப்போன உதடு மாதிரி இருந்தது.

பையனைப் பக்கத்துத் தெருவில் ஒரு அக்காவிடம் விட்டுவிட்டுப் போவேன். வீட்டில் கன்னடம் பேசுகிறவர், எங்களோடு தமிழ். பிள்ளைகளுக்குக் கல்யாணமாகித் தனியாக இருக்கிறார். எனக்கும் கணவருக்கும் ஊர் திருநெல்வேலிப் பக்கம், இங்கே சொந்தம் என்று யாருமில்லை. முதல் நாளே அவரிடம் நிறைய சொல்லிவிட்டேன். வெளியே தூக்கிப் போக வேண்டாம், தூசி சேராது, மண்ணில் விட வேண்டாம், வெந்நீர்தான் கொடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் "ஆகட்டும்மா" என்றார்.

அந்த வாரம் நான் சொன்ன படத்தில் ஒரு அம்மா மகளைக் கீழ் வீட்டில் விட்டுவிட்டு மீன் பேக்டரிக்கு வேலைக்குப் போவாள். ஒருநாள் மகளைக் காணவில்லை. கேட் வந்துவிட்டது, நிறுத்தினேன்.

"கீழ் வீட்டுக்காரிதான்" என்றாள் முன்சீட்டுப் பெண். "பாசமா பேசறவள நம்பவே கூடாது."

"உன்ன மாதிரி எரிஞ்சு விழறவளத்தான் நம்பணுமாக்கும்" என்றாள் பின்சீட்டு அக்கா.

"சிரிக்காதக்கா. குழந்தைக்கு இருமல் மருந்தக் குடுத்துத் தூங்க வெச்சுட்டு இவளுங்க டிவி பாப்பாளுங்க. எங்க ஏரியாலயே நடந்துச்சு."

எல்லோரும் கீழ் வீட்டுக்காரியையே சொன்னார்கள். நான் லைனில் ஒரு பீஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். என் பையன் கொஞ்ச நாளாகச் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் தூங்கிவிடுகிறான். காலையில் போட்டு அனுப்பிய சட்டை ஒன்று, திரும்பி வரும்போது வேறொன்று. கேட்டால் "பால் கொட்டிக்கிட்டான்" என்பார் பார்த்துக்கொள்ளும் அக்கா. தினமுமா பால் கொட்டும்?

அன்று சாயங்காலம் அவன் வாயை முகர்ந்து பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. கணவரிடம் சொன்னேன்.

"நீ படம் பாக்கறத மொதல்ல நிறுத்து" என்றார், ஷூவை மாட்டிக்கொண்டே. பிறகு கதவருகில் நின்று, "சந்தேகமா இருந்தா வேலைய விட்டுரு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றார்.

கோபத்தில் சொல்லவில்லை. அதனால்தான் அது எனக்குள் நின்றுவிட்டது. பையனை அக்காவிடம் விடலாமா கூடாதா என்பதை நான்தான் முடிவு செய்ய வேண்டும். விடக்கூடாது என்றால், நாள் முழுக்க அவனும் நானும் மட்டும் அந்த வீட்டில்.

மறுநாள் பஸ்ஸில் தலைவலி என்று சொல்லிக் கதையைத் தள்ளிப்போட்டேன். மதியம் அதே தலைவலியைச் சூப்பர்வைசரிடம் சொல்லி அரை நாள் லீவு வாங்கி, ஹைவே பஸ் பிடித்து, ஓசூரில் இறங்கி ஆட்டோவில் வந்தேன்.

அக்காவின் வீடு பூட்டியிருந்தது.

போன் செய்தேன். உள்ளே மணி அடித்தது. கொடியில் பையனின் மஞ்சள் சட்டை தொங்கிக்கொண்டிருந்தது, காலையில் நான் போட்டு அனுப்பியது. துவைத்து, இன்னும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வாசலில் அக்காவின் செருப்பு இல்லை. இதையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். சட்டையை ஏன் துவைத்தார்கள் என்று யோசித்தேன். கத்த வேண்டும், அக்கம்பக்கத்தில் கேட்க வேண்டும், ஷிஃப்ட் முடித்துத் தூங்கும் கணவரை எழுப்ப வேண்டும் என்று தெரிந்தது. கை நடுங்குகிறதா என்று பார்த்தேன். நடுங்கவில்லை. என் பிள்ளையைக் காணவில்லை, நான் கதை கேட்கிறவள் போல நிற்கிறேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. கால்நடைப் பண்ணைப் பக்கமிருந்து அக்கா வந்துகொண்டிருந்தார். இடுப்பில் பையன், யாருடையதோ பழைய பெரிய சட்டையில். முழங்காலெல்லாம் செம்மண். பின்னால் கையை நீட்டி எதையோ காட்டிச் சத்தம் போட்டுக்கொண்டே வந்தான். அப்படிச் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை.

என்னைப் பார்த்ததும் அக்கா அப்படியே நின்றுவிட்டார்.

"என்னம்மா, இந்நேரத்துல. உடம்பு சரியில்லையா?"

"இல்லக்கா. சும்மா வந்தேன்."

அவர் என் முகத்தையும் பூட்டையும் கொடியையும் பார்த்தார். புரிந்துகொண்டார்.

"பண்ணை வேலிகிட்ட மாடு பாக்கப் போவோம்மா, தினமும். மண்ணுல விட்டா ஓடியாடற மாதிரி தவழறான். நீ தூசி ஆகாதுன்னியா, அதான் நல்ல சட்டையக் கழட்டிடுவேன். இன்னிக்குக் கழட்டறதுக்குள்ள வாசல்லயே புரண்டுட்டான்." பையனை இடுப்பில் ஏற்றிக்கொண்டார். "சொன்னா வேண்டாம்பேன்னு பால் கொட்டிக்கிட்டான்னு சொல்லிட்டேன். நம்பலைன்னா இப்பவே சொல்லிடும்மா. மனசுல வெச்சுக்காத."

நான் கைகளை நீட்டினேன். பையன் என்னைப் பார்த்தான். பிறகு அவர் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். இந்த இடத்தில் அழுகை வர வேண்டும். வந்தது பசிதான்.

"சாப்பிட்டியா?" என்றார்.

"இல்ல."

கதவைத் திறந்து சோறும் அவரைக்காய்க் குழம்பும் போட்டார். நான் சாப்பிடும்போது பையன் அவர் மடியில் உட்கார்ந்து என் தட்டையே பார்த்தான். ஒரு பருக்கையை எடுத்து அவன் வாயில் வைத்தேன். மென்றான். விழுங்கினான். இன்னொன்றுக்கு வாயைத் திறந்தான்.

"மாடு பாக்கக் கூட்டிட்டுப் போவேன்" என்றார் அக்கா, சண்டைக்கு வருவது போல. "ஒரே ரூம்ல நாள் பூரா வெச்சிருக்க என்னால ஆகாது."

"போங்கக்கா."

"அப்ப நாளைக்கும் கொண்டு வருவியா?"

"கொண்டு வருவேன்."

கையைக் கழுவிக்கொண்டு வந்தேன். அவனுக்குக் கண் சொருக ஆரம்பித்திருந்தது. எந்த மருந்தும் இல்லாமல்.

"இப்ப எடுத்துட்டுப் போறியா, சாயங்காலமா வரியா?"

லீவு போட்டிருந்தேன். வீட்டில் வேறு வேலையும் இல்லை. நல்ல அம்மா எதைச் சொல்வாள் என்று யோசித்தேன். தெரியவில்லை.

"சாயங்காலம் வரேன்க்கா" என்றேன்.