டர்போவுக்கு அடியில் வைத்த தோல்

ஆம்பூர் பைபாஸ் ஓரத்தில் ஆதிகேசவனுக்கு ஒரு பட்டறை உண்டு. பழைய டீசல் ஜீப்புகளுக்கு வேலூர்வரை அவர் கைதான் பேர்போனது. நெற்றியில் நாமம் இட்டு, பெருமாள் படத்துக்குக் கற்பூரம் காட்டாமல் ஸ்பானரைத் தொடமாட்டார். ஐம்பத்திரண்டு வயசாகியும் யார் வாயிலும் மண்ணைப் போட்டதில்லை என்று மனசுக்குள் ஒரு நிம்மதி வைத்திருந்தார். அதை ஒரு துண்டுத் தோல் கெடுத்துவிட்டது.

அமிர்தி மலைப் பக்கம் ஜீப் ஓட்டுகிற வசந்த் ஒரு திங்கட்கிழமை வந்து நின்றான்.

“ணா, ஏத்தத்துல ஷேர் ஆட்டோகூட என்னைத் தாண்டிப் போவுது. பின்னால உக்காந்திருக்கிறவங்க, எறங்கித் தள்ளணுமாப்பான்னு கேக்கறாங்க. பேஜாரா கீது. ஒரு டர்போ மாட்டிக் குடு. புதுசு நமக்குக் கட்டாது, கம்மியில முடி.”

டர்போ என்பது வண்டி கக்குகிற புகையாலேயே ஒரு சக்கரத்தைச் சுற்றவிட்டு, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி ஏற்றுகிற சாமான். ஆதிகேசவன் அவனை நயீம் அகமதுவின் காயலான் கடைக்குக் கூட்டிப்போனார். நயீம் பாய் அவருக்கு இருபது வருஷத் தோஸ்த்.

வசந்த் நேராகப் போய், இருப்பதிலேயே பெரியதைக் கட்டிப்பிடித்துத் தூக்கினான்.

“கீழ வைடா, அது லாரி சாமான். உன் எஞ்சின் விடற புகைக்கு அது சுத்த ஆரம்பிக்கறதுக்குள்ள மலையே முடிஞ்சிடும்” என்றார் ஆதிகேசவன்.

பாய் சிரித்துக்கொண்டே உள்ளேயிருந்து சின்னதாக ஒன்றைக் கொண்டுவந்தார். “ஆக்சிடென்ட் ஆன வேன்ல கழட்டினது மேஸ்திரி. எஞ்சின்ல ஒரு நோய் கெடையாது. என் வாய்தான் கேரண்டி.”

ஆதிகேசவன் நடுத்தண்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். ஆட்டம் இல்லை. காற்றைக் குளிரவைக்கிற இன்டர்கூலர் ஒன்றைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, ஊதிப் பார்த்தார். குமிழி வரவில்லை. இரண்டும் பழசு போதும், ஹெட் கேஸ்கெட்டும் ஆயில் பைப்பும் மட்டும் புதுசு என்று முடிவாயிற்று. உயிர் போகிற இடத்தில் காசு பார்க்கக்கூடாது என்பது அவர் கணக்கு.

கடைசியில் ஒன்றே ஒன்று மிஞ்சியது. டர்போவுக்குள் போன ஆயில் கீழே இறங்கி எஞ்சினுக்குத் திரும்புகிற வழியில், கசிவை அடைக்க வைக்கிற ஒரு சின்னக் கேஸ்கெட். சென்னையிலிருந்து வர இரண்டு நாள் ஆகும். வசந்துக்கோ மறுநாள் காலையில் கல்யாண டிரிப்.

எங்கள் ஊரில் எது ஒழுகினாலும் கை தோலுக்குத்தான் போகும். அடிபம்பு வாசரும் தோல், கியர்பாக்ஸ் மூடிக்கும் தோல். ஷூ கம்பெனியில் கழித்த அடித்தோல் பட்டறையில் மூட்டையாகவே கிடந்தது. ஆதிகேசவன் அதில் ஒரு துண்டை அளவாக வெட்டி, ஓட்டை போட்டு, வைத்து முடுக்கிவிட்டார். முப்பது வருஷம் கைகொடுத்த வழி. சொட்டு ஆயில் கசியவில்லை.

மூன்றாவது வாரம் ஜீப் கயிறு கட்டி இழுபட்டு வந்தது. ஊரையே மறைக்கிற வெள்ளைப் புகை கக்கி, வழியிலேயே நின்றுபோனதாம். ஆதிகேசவன் அடியில் படுத்துக் கழற்றினார். தோல் சூட்டில் சுருண்டு கறுத்துக் கல்லாகி, ஆயில் இறங்குகிற வழியை அடைத்துக்கொண்டிருந்தது. இறங்க வழியில்லாத ஆயில் டர்போவையே பாழாக்கியிருந்தது. சூட்டில் அடித்தோல் சுருங்கும் என்று ஆம்பூரில் யாருக்குத் தெரியாது! அவர் அப்பா தோல் பதனிடும் ஷாப்பில் உழைத்துத்தான் அவரை வளர்த்தார்.

“டர்போ பூட்ச்சா ணா? பாய் செத்த சாமானைத் தலையில கட்டிட்டாரா?” வசந்த் மேலேயிருந்து கேட்டான்.

“ம்” என்றார் ஆதிகேசவன்.

எப்படி வாயில் வந்தது என்று பெருமாளுக்குத்தான் தெரியும்.

வசந்த் அவரையும் இழுத்துக்கொண்டு நேரே காயலான் கடைக்குப் போய், நாலு பேர் எதிரில் கத்தினான். “இதான் உங்க கேரண்டியா பாய்?” நயீம் பாய் ஆதிகேசவனைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“மேஸ்திரி பாத்துச் சொல்லிட்டாரில்ல? அப்புறம் எனக்கு இன்னா பேச்சு” என்று சொல்லி, வாணியம்பாடிக்காரர் ஒருவருக்கென்று எடுத்துவைத்திருந்த வேறொரு டர்போவைத் தூக்கிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

சென்னைக் கேஸ்கெட் வைத்து மாட்டியதும் ஜீப் பறந்தது. ஆதிகேசவன் மட்டும் கற்பூரத்தை ஏற்றிவிட்டுப் படத்தை நிமிர்ந்து பார்க்காமல் திரும்புவார்.

“இன்னா, சாமிகிட்ட சண்டையா?” என்று சௌந்தரம் கேட்டாள். “ஒண்ணுமில்ல” என்று கட்டின மனைவியிடமும் மறைத்தார்.

டீக்கடையில் வசந்த் வாய் ஓயவில்லை. பாய் கடையில் டர்போ எடுக்காதே என்று இரண்டு மெக்கானிக்குகள் ஒருவருக்கொருவர் சொல்வதை ஆதிகேசவன் காதால் கேட்டார். அந்த வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து பாய் வருகிறவரை கடை வாசலிலேயே நின்றார். எல்லாவற்றையும் சொன்னார்.

நயீம் பாய் தொப்பியைக் கழற்றி மடித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “என் பேரு நாலு பேர் எதிர்ல போச்சு கேசவா. நீ எங்கிட்ட தனியா வந்து சொல்றே.”

மேஸ்திரி என்று அவர் சொல்லவில்லை.

சாயங்காலம் டீக்கடையில் வசந்தும் டிரைவர்களும் கூடியிருக்கும்போது ஆதிகேசவன் போய் நடுவில் நின்றார். “பாய் குடுத்தது நல்ல சாமான்பா. அதைக் கொன்னது நான். கேஸ்கெட்டுக்குப் பதிலா தோல் வெச்சேன். நீ கேட்டப்போ ம்னு பொய் சொன்னேன்.”

“செருப்புக்கு வெக்கிற தோலையா என் எஞ்சின்ல வெச்சே?” வசந்த் கிளாஸை டக்கென்று வைத்தான். “அந்தப் பெரிய மனுஷனை இன்னா பேச்சு பேசிட்டேன்! உன்ன நம்பித்தானேணா?” அவர் பதிலுக்கு நிற்காமல் ஜீப்பை எடுத்துக்கொண்டு பாய் கடைப் பக்கம் போய்விட்டான்.

 வேன் ஓட்டுகிற ராமலிங்கம் முன்னால் வந்தார்.

“என் வண்டியிலயும் தோல் வெச்சிருக்கியா மேஸ்திரி?”

“ரெண்டு எடத்துல கீது ராமலிங்கம். சூடு படாத எடந்தான். ஆனாலும் காலையில கொண்டாந்து விடு, மாத்திடறேன்.”

“நானும் வர்றேன்” என்றது இன்னொரு குரல். பிறகு இன்னொன்று. ஆதிகேசவன் ஒவ்வொருவருக்கும், எந்த வண்டியில் எங்கே என்று நினைவுபடுத்திச் சொல்லிக்கொண்டே நின்றார்.