பதினேழு தடவை முன்னால் போனவள்

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவளுக்கு இருக்கத்தான் செய்தது. ஆனால் அது ஆஸ்பத்திரி வருகைப் பதிவேட்டோடு நின்றுபோனது. மற்ற எல்லோருக்கும் அவள் மறுபடியக்கா.

பெயர் வந்த விதம் இதுதான். சபைக்கு வெளியூரிலிருந்து ஒரு பிரசங்கியார் வருவார். கடைசியில் கையை நீட்டி, "ஆண்டவரை ஏற்றுக்கொள்ள விரும்புகிறவர்கள் முன்னால் வாருங்கள்" என்பார். புதிதாக வந்தவர்கள் எழுந்திருக்கலாமா வேண்டாமா என்று செருப்பைத் துழாவிக்கொண்டிருக்கும்போதே மறுபடியக்கா போய் முழங்காலில் நின்றிருப்பாள். ஒரு தடவை, இரண்டு தடவை அல்ல, பதினேழு தடவை. இந்தக் கணக்கு அவளுக்கே தெரியாது. வைத்திருந்தவள் அவளுடைய ஓரகத்தி.

ஓரகத்தி என்றால் கொழுந்தன் மனைவி. அதே வீட்டின் மாடியில் குடியிருந்து துணி தைப்பவள். அவளுடைய அப்பா, மறுபடியக்காவின் மாமியாருக்கு ஒன்றுவிட்ட அண்ணன். ஆக, இரண்டு பக்கத்திலும் உறவு, இரண்டு பக்கத்திலும் உரசல். தைப்பவளுக்கு ஊசியும் நாக்கும் ஒரே கடையில் வாங்கியவை என்று வீட்டில் சொல்வார்கள்.

"அக்கா, இன்னும் மூணு தடவை போனா இருபது ஆயிடும். சபையில சொல்லி ஒரு கேடயம் வாங்கித் தரச் சொல்றேன்" என்பாள்.

"நீ ஒரு தடவையாவது போனியாடி?"

"நான் ஏன் போகணும்? நான்தான் பொறந்ததிலிருந்தே உள்ள உட்கார்ந்திருக்கேனே."

சிரிப்புக்குச் சிரிப்புதான். ஆனால் மறுபடியக்காவுக்கு அது சிரிப்பல்ல. அவளுக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். காலையில் ஜெபித்துவிட்டு எழுந்திருப்பாள். பத்து நிமிஷத்தில் யாரையாவது கிழித்துத் தோரணம் கட்டிவிடுவாள். கட்டி முடித்ததும் மனதுக்குள் குற்றம் சாட்டுகிற ஒரு வக்கீல் எழுந்து நிற்பான். 'போச்சு, ரட்சிப்பு போச்சு. உண்மையாய் மனம் மாறியவள் இப்படிப் பேசுவாளா? அப்படியானால் போன தடவை போனது பொய். மறுபடி போக வேண்டும்.' ஞானஸ்நானமும் இரண்டு தடவை எடுத்தாயிற்று. மூன்றாவது கேட்டபோது போதகர் கையெடுத்துக் கும்பிட்டார். "அம்மா, தொட்டித் தண்ணிக்கே உங்க முகம் பழகிப்போச்சு. விட்டுடுங்க."

இதில் யாருக்கும் தெரியாத ஒன்று இருந்தது. மாதத்தின் முதல் ஞாயிறு, ஆண்டவரின் மரணத்தை நினைத்து அப்பம் பகிர்ந்து உண்ணும் திருவிருந்து. அப்பத்தட்டை மூடியிருக்கும் வெள்ளைத் துணியை எடுக்கிற நேரத்தில் மறுபடியக்கா எழுந்து, எந்தத் தாயின் மடியில் குழந்தை சிணுங்குகிறதோ அதை வாங்கிக்கொண்டு வெளியே போய்விடுவாள். எல்லோரும் சாப்பிட்டு முடித்தபிறகுதான் வருவாள். "எவ்வளவு நல்ல மனசு!" என்று தாய்மார் சொல்வார்கள். நல்ல மனசு இல்லை, பயம். தான் ஆண்டவருடையவள்தானா என்று தெரியாமல் அந்த அப்பத்தைத் தொடக்கூடாது என்ற பயம். ஒன்பது வருஷம் அவள் அந்தப் பந்தியில் உட்காரவில்லை. உட்கார வேண்டும் என்ற ஏக்கத்தைப் புருஷனிடம்கூடச் சொன்னதில்லை. அவர் பஸ் பணிமனையில் மெக்கானிக், நல்ல மனிதர். எந்தக் கஷ்டத்தைச் சொன்னாலும், "எண்ணெய் போட்டா சரியாயிடும்" என்பவர். அவரிடம் இதை எப்படிச் சொல்வது?

ஆஸ்பத்திரியில் அவளுக்கு வேலை அடித்தளத்தில். ஆபரேஷன் தியேட்டரிலிருந்து கத்தரிக்கோல், இடுக்கி, கத்திப்பிடி எல்லாம் ரத்தத்தோடு கூடைகூடையாக இறங்கும். பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவி, துடைத்து, எண்ணி, இரட்டைத் துணியில் பொட்டலமாய் மடித்து, மேலே ஒரு டேப் ஒட்டி, நீராவி மெஷினுக்குள் ஏற்ற வேண்டும். அந்த டேப்பில் மங்கலாகச் சாய்ந்த கோடுகள் இருக்கும். உள்ளே கொதிக்கிற நீராவி பட்டால் கோடு கறுத்துவிடும். கோடு கறுத்திருந்து, துணி காய்ந்து, கிழியாமல் இருந்தால் பொட்டலம் சுத்தம், அலமாரிக்குப் போகலாம். தியேட்டரில் கையுறை போட்டவர்கள் திறக்கும்வரை வேறு யாரும் திறக்கக்கூடாது. திறந்தால் சாதாரணக் காற்று பட்டாலே போதும், மறுபடி முதலிலிருந்து.

பதினோரு வருஷமாய் அந்த அறையில் அவளை ஒருவரும் குறை சொன்னதில்லை. அந்த வியாழக்கிழமைவரை.

அன்று காலை வீட்டில் குழாயடியில் ஓரகத்தியோடு ஒரு பாட்டம் சண்டை முடித்துவிட்டு வந்திருந்தாள். கை வேலை செய்தது. மனம் வீட்டிலேயே நின்றுவிட்டது. மெஷினிலிருந்து நான்கு பெரிய பொட்டலங்கள் வெளியே வந்தன. நான்கிலும் கோடு கரிக்கோடாய் இருந்தது. அலமாரியில் வைத்தாள். வைத்தவளுக்குத் திடீரென்று ஒரு சந்தேகம். அந்த வளைந்த கத்தரிக்கோலின் மூட்டுக்குள் பிரஷ் போட்டோமா? போட்டோம். போட்டோமா? முதல் பொட்டலத்தைப் பிரித்தாள். கத்தரிக்கோல் பளபளவென்று இருந்தது. அப்படியானால் அடுத்ததில்? அதையும் பிரித்தாள். பிறகு மூன்றாவது. பிறகு நான்காவது. எல்லாம் பளபள.

அந்த நேரம் பார்த்து மேலேயிருந்து போன். குடல்வால் வெடிக்கிற நிலையில் ஒருவரை மேசையில் கிடத்தியிருக்கிறார்கள். பெரிய கருவி செட் ஒன்று உடனே வேண்டும். அலமாரி காலி. திரும்ப மெஷினில் ஏற்றி இறக்க முக்கால் மணி நேரம் ஆகும். கடைசியில் பிரசவப் பிரிவு இருக்கிற பக்கத்துக் கட்டடத்திலிருந்து ஒரு செட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அந்த மனிதர் பிழைத்துக்கொண்டார். ஆனால் அறைப் பொறுப்பு நர்ஸ் தடதடவென்று படியிறங்கி வந்தாள். நர்ஸ் அவளைவிடப் பத்து வயது இளையவள். கோயில், ஜெபம் எதுவும் கிடையாது. வேலைதான் அவளுக்கு எல்லாம்.

"நாலையும் நீங்களே பிரிச்சீங்களா அக்கா?"

"ஆமா சிஸ்டர்."

"கோடு கறுத்திருந்துச்சா?"

"நல்லாவே கறுத்திருந்துச்சு."

"உள்ள அழுக்கு இருந்துச்சா?"

"இல்ல சிஸ்டர். பளபளன்னு இருந்துச்சு."

"இப்ப அதை உபயோகிக்க முடியுமா?"

"முடியாது."

"அப்ப சுத்தமா இருந்ததைக் கெடுத்தது யாரு?"

மறுபடியக்கா தலையைக் குனிந்துகொண்டாள். "மனசுக்கு நிச்சயமா இல்ல சிஸ்டர். அதான்..."

"உங்க மனசை யாரு கேட்டாங்க?" நர்ஸுக்குக் குரல் ஏறியது. "கோடு கறுத்திருக்கான்னு பாருங்கன்னுதானே சொல்லியிருக்கேன்? நீங்க சிரிச்சுக்கிட்டுப் பார்த்தாலும் கறுப்பு, அழுதுக்கிட்டுப் பார்த்தாலும் கறுப்பு. நீராவி தன் வேலையை முடிச்சாச்சு. உங்க மனசு நடுங்குதுன்னு அது முடியாம போயிடுமா? இன்னொரு தடவை பிரிச்சீங்கன்னா துணி மடிக்கிற இடத்துக்கு அனுப்பிடுவேன்."

திட்டிவிட்டு அவள் மேலே போய்விட்டாள். மறுபடியக்கா கவிழ்த்து வைத்திருந்த கூடைமேல் உட்கார்ந்தாள். வேலை போய்விடுமோ என்று அவள் நினைக்கவில்லை. வேறொன்று அவளைப் பிடித்துக்கொண்டது. 'ஒன்பது வருஷமாய் நான் செய்வது இதுதானே? சிலுவையில் ஆண்டவர், முடிந்தது என்றார். நான் தினமும் என்னைப் பிரித்துப் பிரித்து உள்ளே பார்த்துக்கொண்டிருக்கிறேன். நிச்சயம் என் மனசுக்குள் இருக்கும் என்று தேடுகிறேன். அது சிலுவையிலல்லவா இருக்கிறது? நான் நடுங்கினால் அவர் செத்தது செத்ததில்லை என்று ஆகிவிடுமா?'

உடனே பழைய வக்கீல் எழுந்து நின்றான். 'அது சரி. குழாயடியில் பேசினாயே பேச்சு, அதற்கு என்ன சொல்கிறாய்?'

அவள் எதிரே தியேட்டரிலிருந்து வந்த அடுத்த கூடை இருந்தது, ரத்தமும் நிணமுமாய். ஒரு கத்தரிக்கோலை எடுத்துத் திருப்பினாள். அதன் பிடியில் ஆஸ்பத்திரியின் பெயரெழுத்து வெட்டப்பட்டிருந்தது. எவ்வளவு அசிங்கமாய் வந்தாலும் இதை ஒரு நாளாவது யாராவது, இது நம்முடையதல்ல என்று தெருவில் எறிந்தார்களா? இல்லையே. நம்முடையது என்பதனால்தானே கழுவுகிறோம்! தினம் தினம் கழுவுகிறோம். கழுவும்போது எழுத்தைப் புதிதாய் வெட்டுவதில்லையே.

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாய் வந்தன. பிரஷை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தாள். தேய்த்துக்கொண்டே பாடினாள். சாரீரம் அவளுக்குக் கொஞ்சம் கரடுமுரடு. மாடிப்படியில் போன துப்புரவாளர் எட்டிப்பார்த்து, "பைப் ஏதாவது உடைஞ்சிடுச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

கதை இங்கே முடிந்தால் சௌகரியமாய் இருக்கும். ஆனால் ஞாயிறு வந்ததே, முதல் ஞாயிறு! அன்று விடிந்ததும் விடியாததுமாய் ஓரகத்தி மாடியில் ஈரத்துணியைப் பிழியாமல் போட்டாள். கீழ்க்கொடியில் மறுபடியக்கா ஆராதனைக்கென்று காயவைத்திருந்த துணியெல்லாம் சொட்டச் சொட்ட நனைந்தது. அவ்வளவுதான். "பிழியக்கூடச் சொல்லித் தராம உன்னை வளர்த்து அனுப்பினாரே, அந்த மனுஷனைச் சொல்லணும்!" என்று கத்திவிட்டாள். ஓரகத்தியின் செத்துப்போன அப்பாவோ மறுபடியக்காவின் கல்யாணத்தில் நாற்காலி சுமந்தவர். ஓரகத்தி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் சண்டையைப் பாதியில் விட்டது அதுதான் முதல் தடவை.

சபையில் வெள்ளைத் துணி விலகியது. பக்கத்தில் இருந்த தாய் பழக்கதோஷத்தில் குழந்தையை நீட்டினாள். மறுபடியக்காவின் கை பாதிவரை போனது. 'எழுந்திரு. இந்த வாயோடா இங்கே உட்காருவாய்?' என்றான் பழைய வக்கீல். 'இந்த வாய்க்காகத்தான் அவர் வந்தார்' என்று அவள் பதில் சொன்னாள்.

"இன்னைக்கு நீயே வெச்சுக்கம்மா. எனக்கு இங்க வேலை இருக்கு" என்று தாயிடம் சொல்லிவிட்டு, முன்வரிசைக்குக் குனிந்து ஓரகத்தியின் தோளைத் தொட்டாள்.

"உங்கப்பாவைப் பேசினது தப்புடி. அவர் தங்கமான மனுஷன். மன்னிச்சிடு."

ஓரகத்தி திரும்பவில்லை. முன்னால் பார்த்தபடியே, "துணியை நானும் பிழிஞ்சிருக்கலாம்" என்றாள்.

தட்டு வந்தது. மறுபடியக்கா அப்பத்தை எடுத்தாள். விரல் நடுங்கியது, நடுங்கட்டும் என்று விட்டுவிட்டாள். நடுங்கிய கையாலேயே வாங்கிச் சாப்பிட்டாள். ஒன்பது வருஷப் பசி. பக்கத்தில் புருஷன் கண்ணைத் துடைத்ததைப் பார்த்தபோதுதான், அந்த மனிதருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது என்பது அவளுக்கு விளங்கியது.

அதற்குப் பிறகு அவள் கோபப்படவே இல்லை என்று சொன்னால் அது பொய். பட்டாள். ஆனால் பட்ட சூட்டோடு மன்னிப்புக் கேட்கவும் கற்றுக்கொண்டாள். கேட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தாள். முன்பெல்லாம் ஒரு சண்டைக்கு மூன்று நாள் துக்கம். இப்போது சாயங்காலம் இரண்டு ஓரகத்திகளும் ஒரே பாத்திரத்தில் டீ போட்டுக் குடித்தார்கள்.

எட்டு மாதம் கழித்து ஒரு வெளியூர்ப் பிரசங்கியார் வந்தார். கடைசியில் கையை நீட்டினார். வரிசை முழுவதும் வழக்கப்படி காலை மடக்கி வழிவிட்டது. மறுபடியக்கா அசையவில்லை.

"போகலையா?" என்று புருஷன் காதில் கேட்டார்.

"எங்க? நான் வீட்டுக்குள்ள இருக்கேன்; வாசல்ல எதுக்கு நிக்கணும்?"

அவளுக்கு அந்தப் பக்கத்தில் ஒரு நாற்காலி கிரீச்சிட்டது. எழுந்து நின்றது ஓரகத்தி! பிறந்ததிலிருந்தே உள்ளே உட்கார்ந்திருந்தவள், முகமெல்லாம் கண்ணீராய், "அக்கா, கொஞ்சம் வழி விடு" என்றாள்.

மறுபடியக்கா துள்ளி எழுந்தாள். ஓரகத்தியின் கைப்பையை வாங்கிக்கொண்டாள். அவள் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்து, சபை முழுவதும் கேட்கிற குரலில் சொன்னாள்:

"போடி, போ! ஆனா ஒரே ஒரு தடவை போதும். மிச்சம் பதினாறையும் நான் உனக்காக வீணாக்கிட்டேன்!"

சபை குலுங்கிச் சிரித்தது. ஓரகத்தி அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் நடந்து போனாள். மறுபடியக்கா உட்காரவில்லை. கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, யாரும் ஆரம்பிக்காத பாட்டை, அந்தக் கரடுமுரடான குரலில், அவளே ஆரம்பித்தாள்.