தொண்ணூற்றெட்டும் நூறும்

போன வாரம் மேற்குத் தாம்பரத்தில் ஒரு டயர் கடையில் சத்தம் போட்டுவிட்டு வந்தேன். சத்தம் போடுகிற வயதா இது என்று கேட்காதீர்கள், வீட்டில் ஏற்கெனவே கேட்டாகிவிட்டது. "டயர் வாங்கப் போனீங்களா, சண்டை வாங்கப் போனீங்களா?" என்றாள் மனைவி. என் கையில் டயர் இல்லை, அதுவே பதில்.

என்னிடம் ஒரு பழைய பத்மினி கார் இருக்கிறது. ஸ்டியரிங்குக்குப் பக்கத்திலேயே கியர் போடுகிற வண்டி. அதன் இரும்பு ரிம் நான்கிலும் துரு. டயர்களில் நகம் நுழைகிற அளவுக்கு வெடிப்பு. அந்த அளவு டயரை எந்தக் கடையிலும் இப்போது வைத்துக்கொள்வதில்லை. சரி, டயரோடு சேர்த்து ரிம்மையும் மாற்றிவிடலாம் என்று கிளம்பியதுதான் நான் செய்த பாவம். ஆளுக்கொரு யோசனை. பெருங்களத்தூரில் ஒருவர் ஓர் அங்குலம் சின்ன ரிம் போடச் சொன்னார். போட்டால் வண்டி ஐம்பதில் போகும்போது மீட்டர் ஐம்பத்தைந்து காட்டும். சேலையூரில் ஒருவர் அகல டயர் போட்டால் 'கெத்தா' இருக்கும் என்றார். கெத்தாகத்தான் இருக்கும், ஸ்டியரிங்கைத் திருப்புகிற வரைக்கும். திருப்பினால் மட்கார்டில் உரசும். பொழிச்சலூர்க்காரர் ஒருவர் வண்டியைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "சார், இதை வித்துட்டு ஒரு நல்ல வண்டி வாங்குங்க" என்றார். நான் கேட்டது சக்கரம். அவர் சொன்னது விவாகரத்து.

மேற்குத் தாம்பரத்துக் கடைக்காரர் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தார். "சிஸ்டத்துல இந்த வண்டியே வரல சார்" என்றார். பிறகு ஒரு சின்னக் கார் ரகத்துக்குச் செய்த அலாய் வீலைக் காட்டி, "இதுவும் நாலு ஹோல்தான், செட் ஆயிடும்" என்றார்.

"எதிரெதிர் போல்ட் ஓட்டை ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு தூரம்?"

"நூறு மில்லி சார்."

"என் வண்டிக்குத் தொண்ணூத்தெட்டு."

"ரெண்டு மில்லிதானே சார். டைட் வச்சா செட் ஆயிடும்."

அந்த இடத்தில்தான் எனக்குத் தலைக்கேறியது. பாவம், அவர்மேல் தப்பே இல்லை. தாம்பரத்தில் எல்லாமே 'செட் ஆயிடும்'தான். வாங்கிய வீட்டில் சமையலறை வாசல் எதிர்த்த வீட்டுக் குளியலறையைப் பார்த்து நின்றால் செட் ஆயிடும். ஜாதகம் பொருந்தாவிட்டாலும் கல்யாணத்துக்குப் பிறகு செட் ஆயிடும். புதுப் பல்செட் ஈறைக் குத்தினால் அதுவும் நாலு நாளில் செட் ஆயிடும் என்று டாக்டரே சொல்கிறார். ஆனால் நான் அவரைப் பார்த்துக் கத்தியதற்கு இதெல்லாம் காரணமில்லை. கடையில் அடித்த புது ரப்பர் வாசனையும் அந்த 'ரெண்டு மில்லிதானே'யும் சேர்ந்து என்னை நேராகப் புதுப்பேட்டையில் கொண்டுபோய் நிறுத்திவிட்டன. முப்பது வருடத்துக்கு முந்தைய புதுப்பேட்டை, பழைய வண்டிச் சாமான் விற்கும் தெருக்கள். அங்கே நான் சொன்ன ஒரு பொய்யால் ஒரு சிநேகிதனை இழந்தேன். அதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன், டயர் கதை சும்மா.

அவன் பெயர் ஜெயசீலன். இருவருக்கும் கிண்டியில் ஒரே தொழிற்சாலையில் வேலை, தாம்பரத்தில் ஒரே அறை. ஒரே சோப்பு, ஒரே சீப்பு. அவன் கணக்குப் பிரிவில் இருந்தான். நான் தரப் பரிசோதனையில். அதாவது, மற்றவர்கள் செய்த பொருளை அளந்து பார்த்து, ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கூடினாலும் தூக்கிப் போடுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு மறந்துவிட்டது, அதுதான் தொல்லை.

அந்தப் பத்மினியை இருவரும் பாதிப் பாதி போட்டு வாங்கினோம். அப்போதே அது கிழட்டு வண்டி. ஆனால் சக்கரத்தின் நடுவில் பளபளவென்று வட்டமாக ஒரு மூடி இருக்கும், வீல் கப். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக் கிளம்பும்போது ஜெயசீலன் அறையில் இருந்த கண்ணாடியை விட்டுவிட்டு, தெருவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அந்த வீல் கப்பில் பார்த்துத் தலைவாருவான். "இதுல பாத்தா மூக்கு எடுப்பா தெரியுது மச்சான்" என்பான். எடுப்பாக என்ன, பூசணிக்காய் மாதிரித்தான் தெரியும்.

அந்த மூக்கு யாருக்காக என்று எனக்குத் தெரியும். கூடுவாஞ்சேரியிலிருந்து மின்சார ரயிலில் ஸ்டெல்லா வேலைக்கு வருவாள், ஞாயிறானால் அதே சர்ச்சுக்கும். நாங்கள் தாம்பரத்தில் ஏறுவோம். இரண்டு வருடம் இப்படியே போய்வந்ததில் அவளும் ஜெயசீலனும் பேசிப் பழகி, கல்யாணம் என்று முடிவே செய்துவிட்டார்கள். அவளுடைய அப்பாவுக்குத்தான் மனமில்லை. நிலத்தை மனைகளாகப் பிரித்து விற்றுக்கொண்டிருந்தவர், பேச்சில் கறார். அவர்கள் சபையின் பாஸ்டர் போய்க் கெஞ்சிக் கேட்டபிறகு, "சரி, ஞாயித்துக்கிழமை பத்தரைக்கு அம்மாவைக் கூட்டிக்கிட்டு வரச் சொல்லுங்க, பாக்கலாம்" என்றாராம். அந்த ஒரு காலை நேரம்தான் ஜெயசீலனுக்குக் கிடைத்த மொத்த வாய்ப்பு.

உடனே அவனுக்கு அலாய் வீல் ஆசை வந்துவிட்டது. இரும்புச் சக்கரத்தோடு போனால் மரியாதை இருக்காதாம். ரயிலில் போயிருந்தால் முப்பது நிமிடம். வேலியில் போகிற ஓணானைப் பிடித்து மடியில் கட்டிக்கொண்டோம்.

சனிக்கிழமை காலை சக்கரத்தைக் கழற்றி ஸ்டீல் ஸ்கேலை வைத்து அளந்தேன். ஜெயசீலன் மறுபுறம் ஸ்கேலின் பூஜ்ஜிய முனையைப் பிடித்துக்கொண்டிருந்தான். எண்ணைப் பார்த்தது நான் மட்டும். தொண்ணூற்றெட்டு. துண்டுச் சீட்டில் 98 என்று எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

புதுப்பேட்டையில் நாலைந்து கடை ஏறி இறங்கினோம். கடைசிக் கடையில் இருந்தது ஒரே ஒரு செட். புது டயர் மாட்டியது, வெள்ளி நிறம், ஐந்து இதழ்ப் பூ மாதிரி. ஜெயசீலன் அதைத் தடவியதைப் பார்த்தபோதே தெரிந்துவிட்டது, இனி இவனை இங்கிருந்து நகர்த்த முடியாது.

கடைக்காரர் கேட்டார்: "இன்னா வண்டி? பத்மினியா? இது நூறு சைஸு. உன் வண்டி இன்னா சைஸு?"

ஜெயசீலன் என்னைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வையில் ஒரு துளி சந்தேகமாவது இருந்திருந்தால் நான் உண்மையைச் சொல்லியிருப்பேன். அளவு விஷயத்தில் என் பேச்சுக்கு அவனிடம் மறுபேச்சே கிடையாது.

"நூறுதான்" என்றேன்.

ஏன் சொன்னேன்? வெயில். பசி. இரண்டு மில்லிமீட்டர்தானே என்கிற அலட்சியம். அவன் முகம் வாடிவிடுமே என்கிற இரக்கம். எதைச் சொன்னாலும் சாக்குப்போக்குதான். தொழிற்சாலையில் ஒருவன் இப்படிச் செய்திருந்தால் நானே அவன்மேல் புகார் எழுதிக் கொடுத்திருப்பேன். போதாததற்கு, பழைய சக்கரங்களையும் வீல் கப்புகளையும் அந்தக் கடைக்காரரிடமே மாற்றாகக் கொடுத்துவிட்டு வந்தோம்.

மாட்டும்போது மூன்று போல்ட் உட்கார்ந்தன. நான்காவது ஓரமாக நின்று முறைத்தது. ஸ்பானரில் பைப்பைச் சொருகி, ஜெயசீலன் அதன்மேல் ஏறி நின்று இறுக்கினான். இறுகிவிட்டது. பைப் நழுவாமல் நான் பிடித்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பின் சீட்டில் அவன் அம்மா, பட்டுப்புடவையில். மடியில் பழத்தட்டு. பெருங்களத்தூர் தாண்டியதும் வண்டி மெல்ல நடுங்க ஆரம்பித்தது. ரோடு சரியில்லை என்றான் ஜெயசீலன். வண்டலூரில் ரோடு நன்றாகவே இருந்தது, நடுக்கம் கூடியது. "ஏன்டா, தட்டுல இருக்குற ஆப்பிளெல்லாம் உருளுது" என்றார் அம்மா. புது டயர், அப்படித்தான் இருக்கும் என்று நான் சொன்னேன். பாருங்கள், ஒரு பொய் சொன்ன வாய் இரண்டாவதைக் கூசாமல் சொல்கிறது.

ஊரப்பாக்கத்துக்குச் சற்று முன்னால், வெள்ளி நிறத்தில் ஒரு சக்கரம் எங்களை இடதுபக்கமாக முந்திக்கொண்டு போனது.

"யாரோ சக்கரத்தை விட்டுட்டாங்க பாரு மச்சான்" என்றான் ஜெயசீலன். சொல்லி முடிப்பதற்குள் வண்டியின் பின்பக்கம் தரையில் உட்கார்ந்து, கரகரவென்று இழுத்துக்கொண்டே போய் நின்றது. யாருக்கும் அடி இல்லை. சக்கரம் மட்டும் ரோட்டை விட்டு இறங்கி, வரப்பு தாண்டி, ஏரியில் விழுந்தது. டிராக்டர் ஓட்டிக்கொண்டு வந்த ஒருவர் நிறுத்தி, "தண்ணிக்குள்ள போய்ட்ச்சு சார், இனி எங்க தேடுவ?" என்றார். டிக்கியில் ஸ்டெப்னி இருந்தது. இருந்து என்ன பயன், போல்ட்டுகள் உடைந்து பாதி உள்ளேயே சிக்கிக்கொண்டிருந்தன.

கடைசியில் அந்த டிராக்டரின் டிரெய்லரில் ஏறித்தான் பெண் பார்க்கப் போனோம். போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்று. ஸ்டெல்லாவின் அப்பா வாசலிலேயே நின்றுகொண்டு, பட்டுப்புடவையில் ஒட்டிய வைக்கோலைப் பார்த்தார். டிராக்டர்க்காரர் நடந்ததை விலாவாரியாகச் சொன்னார், கேட்காமலேயே. "பன்னெண்டு வரைக்கும் உக்காந்திருந்தோம் தம்பி. ஒரு சக்கரத்தைச் சரியாப் பாத்து மாட்டத் தெரியாதவங்களை நம்பிப் பொண்ணை எப்படிக் குடுக்கிறது?" என்றார் ஸ்டெல்லாவின் அப்பா. உள்ளே உட்காரச் சொல்லவில்லை. அடுத்த மாதமே ஸ்டெல்லாவை ரயிலில் காணோம். வேலையை விட வைத்து, வேறு இடத்தில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள்.

ஜெயசீலன் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் எனக்கு இன்றுவரை பேஜார். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். சில வாரங்களில் வளைகுடாவில் வேலை கிடைத்துப் போய்விட்டான். போகும்போது, "வண்டிய நீயே வச்சுக்கோ" என்றான். அவ்வளவுதான். வண்டிக்குப் பழைய இரும்பு ரிம்களாகப் பார்த்துத் தேடி மாட்டினேன், இன்று துருப்பிடித்திருப்பது அவைதான். கடிதம் எழுதலாம் என்று எத்தனையோ முறை உட்கார்ந்தேன். 'ஸ்கேல் சரியில்லாமல் போயிற்று' என்று ஆரம்பித்துக் கிழித்துப் போட்டிருக்கிறேன். அங்கும் பொய்.

அவன் திரும்பிவந்து, பள்ளிக்கரணையில் மகன் வீட்டில் இருக்கிறான் என்று பழைய அலுவலக நண்பர்களின் வாட்ஸப் குழுவில் எப்போதோ பார்த்திருந்தேன். இங்கிருந்து அரைமணி நேரம். போன வாரம் டயர் கடையிலிருந்து வந்த கோபத்தோடு, அது ஆறுவதற்குள், அவனுக்குப் போன் போட்டேன். ஆறினால் தைரியம் போய்விடும்.

"சொல்லுங்க, எப்படி இருக்கீங்க?" என்றான். பெண்டாட்டி பிள்ளைகளைப் பற்றி விசாரித்தான். அவனுடைய முழங்காலைப் பற்றி, சர்க்கரையைப் பற்றிச் சொன்னான். நான் இடையில் வெட்டி, "டேய், அன்னிக்கு அளந்தது தொண்ணூத்தெட்டுதான்டா. எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் நூறுன்னு சொன்னேன்" என்று கொட்டிவிட்டேன்.

அவனுக்குப் பின்னால் எங்கோ குக்கர் விசில் கேட்டது.

"தெரியும்" என்றான்.

"எப்படி?"

"அன்னிக்கு நான் போட்டுக்கிட்டிருந்தது உங்க சட்டைதானே. பொண்ணு பாக்கப் போறதுக்கு நல்ல சட்டை இல்லைன்னு உங்களுதை எடுத்துப் போட்டுக்கிட்டேன். டிராக்டர்ல கைக்குட்டை எடுக்கப் பையில கைய விட்டேன். சீட்டு வந்துச்சு."

எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. அவன்மேலா என்மேலா என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. "அப்புறம் ஏன்டா ஒரு வார்த்தை கேக்கல? முப்பது வருஷமாடா?" என்று கத்தினேன். சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள்.

"நீங்களா சொல்வீங்கன்னு பார்த்தேன்" என்றான்.

ஏரியோரத்தில் அந்தச் சக்கரம் இறங்கிய இடத்தில் இப்போது அடுக்குமாடிக் குடியிருப்புகள். ஸ்டெல்லாவின் அப்பா காலமாகி வெகுநாள் ஆகிறது. இவையெல்லாம் போகவேண்டியவைதான், போய்விட்டன. போனை வைக்கும்போது, "ஒரு நாள் வீட்டுக்கு வாங்க, பேசலாம்" என்றான். குரலில் கோபமே இல்லை. என் சட்டையைக் கேட்காமல் எடுத்துப் போட்டுக்கொண்டு போனவன். இப்போது என்னிடம் மரியாதையாகப் பேசுகிறான்.