இளக்காரத்துக்கு ஒரு சாட்சி

அந்த அகராதி அலுவலகத்தில் அட்டைக்காரம்மாவைத் தெரியாதவர் கிடையாது. உயரம் மூன்றரை அடி. ஞாபகசக்தியோ, அடேயப்பா! எட்டு லட்சம் சொல்லட்டைகளில் எது எந்த இழுப்பறையில் கிடக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். யார், எப்போது, என்ன பேச்சில் சொன்னார் என்று எழுதிய சாட்சி அட்டையில் தலைமை ஆசிரியர் கையெழுத்துப் போட்டால்தான், அங்கே ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் ஏறும்.

'இளக்காரம்' வந்ததும் பிடித்தது சனி. அது எங்கே பிறந்த சொல் என்று தலைமை ஆசிரியரும் துணையாசிரியரும் எட்டு நாள் மல்லுக்கட்டினார்கள். பிறகு சண்டை பொருளுக்குத் தாவியது.

"வெளிப்படையா கேலி பண்ணினாத்தான்யா இளக்காரம். சிரிச்ச முகமா பேசினா எப்படி?" என்றார் தலைமை ஆசிரியர்.

"சிரிச்சுக்கிட்டே மட்டம் தட்டுறதில்லையா சார்?" என்றார் துணையாசிரியர்.

"சாட்சி அட்டை எங்க? சாயங்காலத்துக்குள்ள வரலைன்னா அந்தப் பொருளை அடிச்சிடுவேன்."

அட்டைக்காரம்மாவின் காதில் இது விழுந்தது. ஆயுசு முழுக்கப் பட்டதை ஒரு கோடு போட்டு அடித்துவிடுவார்களாமே! சாட்சி அவரிடம் இருந்தது. அதை எழுதினால் வேலைக்கே உலை.

இழுப்பறையைத் திறந்து அந்தச் சொல்லின் பழைய அட்டைகளைப் பார்த்தபடி நின்றார். முகம் தெரியாத யாரோ, எந்தக் காலத்திலோ, இதே வலி தாங்காமல் இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். அது எத்தனை வாய் மாறி நம் வீட்டு வாசல் வரை வந்திருக்கிறது! அவருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அப்படியே உட்கார்ந்து எழுதினார்.

"சொன்னவர்: என் அண்ணன். நாள்: நான் இங்கே நேர்முகத்துக்கு வந்த நாள். தலைமை ஆசிரியர் என்னிடம் ஒன்றும் கேட்காமல், துணைக்கு வந்த அண்ணனிடம் சிரித்தபடி 'இவங்களுக்கு எழுதப் படிக்க வருமா?' என்று கேட்டார். வெளியே வந்ததும் அண்ணன் சொன்னது: 'மனுஷன் திட்டவே இல்ல. ஆனா எவ்வளவு இளக்காரம் பாத்தியா!'"

தலைமை ஆசிரியர் அட்டையை மூன்று முறை படித்தார். காது சிவந்தது.

"நான் இப்படிக் கேட்டேனாம்மா?"

"கேட்டீங்க சார்."

தலைமை ஆசிரியர் பேனாவை எடுத்தார். கையெழுத்துப் போட்டு, அதன் கீழே ஒரு வரி சேர்த்தார்:

"உண்மை. கேட்டவன் நான்தான்."