தர்பூசணிக் கூட்டு

அரிசியும் பருப்பும் காயும் எண்ணெயும் கையில் இருந்தால் யாரும் சமைத்துவிடலாம். இவற்றில் பாதி இல்லாதபோதும் எங்கள் வீட்டுத் தட்டில் வேளைக்கு ஏதோ ஒன்று ஆவி பறக்க வந்து விழும். அது எங்கிருந்து வந்தது என்று நான் வெகுநாள் யோசித்ததில்லை. கிணற்றில் தண்ணீர் ஊறுவதுபோல அம்மாவின் அடுப்படியில் சோறும் குழம்பும் ஊறும் என்றே நினைத்திருந்தேன்.

மகாபலிபுரத்திலிருந்து கல்பாக்கம் போகும் சாலையை ஒட்டி எங்கள் வீடு. அப்பா, அம்மா, அப்பாவின் தங்கையான அத்தை, நான், ஓர் ஆடு. கோடை வந்தால் அப்பா சாலையோரத்தில் கீற்றுக் கொட்டகை போட்டுத் தர்பூசணி விற்பார். சென்னையிலிருந்து வரும் கார்கள் வெயிலுக்குப் பயந்து அங்கே நிற்கும். நான் நான்காம் வகுப்பு முடித்த கோடையில் அப்பா லோடு இறக்கிய மறுநாளே மழை பிடித்துக்கொண்டது. கடலில் ஏதோ புயல் சின்னம் என்றார்கள். மழையில் நனைந்துகொண்டே தர்பூசணி தின்ன யார் வண்டியை நிறுத்துவார்கள்? பழங்களையெல்லாம் வீட்டுக்குள் கொண்டுவந்து அடுக்கினோம். இரவில் புரண்டு படுத்தால் முதுகில் ஒரு பழம் இடிக்கும்.

அந்த வாரம் வீட்டில் ரேஷன் அரிசி இருந்தது, கொஞ்சம் பருப்பு இருந்தது, மற்றதெல்லாம் தர்பூசணி. சிவப்பைத் தின்றோம். மேல்தோலின் பச்சையை அம்மா சீவி ஆட்டுக்குப் போட்டாள். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வெள்ளைச் சதையைத்தான் அவள் விடவில்லை. ஒருநாள் கூட்டு, ஒருநாள் மோர்க்குழம்பு, இன்னொரு நாள் கடுகு தாளித்துப் பொரியல். நான் அதைச் சுரைக்காய் என்று நினைத்தே சாப்பிட்டேன். விதையைக்கூட அலசி, அடுப்புச் சூட்டில் காயவைத்து, என்னையும் அத்தையையும் உட்காரவைத்து உடைக்கச் சொன்னாள். வறுத்த மிளகாயும் புளியும் சேர்த்து அம்மியில் அரைத்தபோது அது துவையலாகிவிட்டது. தினமும் எதைச் சாப்பிடுகிறேன் என்று தெரிந்த அன்று நான் பள்ளிக்கூடத்தில் பார்த்த மாயவித்தைக்காரரை மனதுக்குள் ஒரு படி கீழே இறக்கினேன். அவர் தொப்பிக்குள் இருந்து புறாவைத்தான் எடுத்தார். புறா முன்னமே உள்ளே இருந்திருக்கும்.

அந்த மழை வாரத்தின் சனிக்கிழமைதான் அத்தையைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. மாப்பிள்ளை வீடு செங்கல்பட்டுக்கு அப்பால் ஒரு கிராமம். மாப்பிள்ளை கல்பாக்கத்துக்கு ஊழியர்களை ஏற்றிப் போகும் பேருந்தின் ஓட்டுநர். அத்தை வீட்டிலேயே ரவிக்கை தைப்பாள். அதற்கு முன் ஒரு வரன் வந்து, காபி குடித்துவிட்டுப் போய், பிறகு தரகரிடம் சொல்லியனுப்பியது: பெண் நல்ல பெண்தான், ஆனால் சோத்துக்கே இழுத்துக்கோ பறிச்சுக்கோ என்று கிடக்கிற வீடு. அத்தை அதன்பிறகு ஒரு மாதம் தையல் மிஷினைவிட்டு நிமிரவில்லை.

ஆகவே அம்மா இருந்த ரவையில் கேசரி கிண்டி, ஐந்தாறு பேருக்குத் தட்டு தயாராக வைத்திருந்தாள். வந்து நின்றது ஒரு வேன். கதவைத் திறந்ததும் மாப்பிள்ளை, அவர் அம்மா, பெரியப்பா, சின்னம்மாக்கள், அவர்களின் பிள்ளைகள் என்று இறங்கிக்கொண்டே இருந்தார்கள். அப்படியே மகாபலிபுரத்தையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று கிளம்பியவர்களாம். மழையில் கோயிலும் பார்க்க முடியவில்லை, கடலும் பார்க்க முடியவில்லை, எங்களைத்தான் பார்க்க முடிந்தது.

கேசரி எல்லோர் தட்டிலும் ஒவ்வொரு ஸ்பூனாக விழுந்து முடிந்தது. அப்பா சமயோசிதமாகப் பழங்களை வெட்டி, சிவப்பை மட்டும் துண்டு துண்டாக்கித் தட்டுகளில் நீட்டினார். அத்தை வந்து நமஸ்காரம் செய்துவிட்டு உள்ளே போனாள். கிளம்புகிற நேரத்தில் வேன் ஓட்டுநர் நனைந்தபடி ஓடிவந்தார்.

"திருக்கழுக்குன்றம் ரோட்ல புளியமரம் வுழுந்து கெடக்குதாம். அறுத்துகினு கீறாங்க. சாயந்திரம் ஆவும்னு சொல்றாங்க."

எல்லோரும் மீண்டும் உட்கார்ந்தார்கள். மணி பகல் பதினொன்று இருக்கும். அப்பா அடுப்படிக்கு வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இந்தாமே, இன்னா பண்றது? சோறு போடாம எப்டி அனுப்பறது? ஓட்டல்ல சொல்லட்டா?"

"எந்தக் காசுல சொல்லுவ?" என்றாள் அம்மா. அம்மா பழங்கள் அடுக்கியிருந்த மூலையைப் பார்த்தாள். "நீ போய் பேசிகினு இரு. இன்னும் நாலு பழம் அறு. செவப்ப அவங்களுக்குக் குடு. மிச்சத்த எனக்குக் குடு."

அப்பாவின் முகம் வெளுத்தது. எங்கள் கொட்டகை வாசலில் அந்தத் தோலுக்காகத்தான் ஊர் மாடுகள் நாள் முழுக்கக் காத்திருக்கும். பெண் பார்க்க வந்தவர்களுக்கு மாட்டுத் தீனியைப் போட்டார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பினால், அதன்பிறகு அத்தைக்கு எந்த ஊரிலிருந்தும் வேன் வராது.

"தெரிஞ்சிச்சின்னா?"

"தின்னுட்டு சொல்லட்டும்," என்றாள் அம்மா. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

அதன்பிறகு நான் பார்த்ததை இன்றைக்கும் என் கேஸ் அடுப்பின் முன் நின்று நினைத்துக்கொள்கிறேன். விறகடுப்பு, கேஸ் அடுப்பு இரண்டும் எரிந்தன. ரேஷன் அரிசியை வெந்நீரில் கழுவிக் கழுவி ஊற்றினாள். உலையில் ஒரு துளி எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் விட்டதும் அந்தச் சாக்கு வாசனை எங்கோ ஓடிப்போனது. காற்றில் ஒடிந்து விழுந்திருந்த முருங்கைக் கிளையை அத்தை இழுத்துவந்து, பட்டுச்சேலையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு, கீரை உருவினாள். பக்கத்து வீட்டு மாடு எங்கள் கடைத் தோலைத் தின்றே பால் கறந்தது; அந்த உரிமையில் நான் போய் ஒரு சொம்பு மோர் வாங்கிவந்தேன். கொஞ்சமாக இருந்த பருப்பை அம்மா ஒரே தடவை வேகவைத்தாள். மேலே தெளிந்த தண்ணீரை இறுத்து ரசத்துக்கு வைத்தாள். அடியில் நின்ற பருப்பு கூட்டுக்குப் போனது. அரைமூடித் தேங்காயில் ஒரு பாதி கூட்டுக்கு, மறுபாதி மோர்க்குழம்புக்கு. வெள்ளைச் சதை அவள் கத்தியின்கீழ் ஒரே அளவுச் சதுரங்களாக விழுந்துகொண்டே இருந்தது. அவள் எதையும் அளக்கவில்லை, ருசி பார்க்கவில்லை. கொதிக்கிற சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டு, அடுப்பைத் தணித்தாள். பருப்பும் சீரகமும் தேங்காயும் சேர்ந்த வாசனை கூடத்துக்குப் போனபோது, அதுவரை மரம் அறுப்பதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

என்னிடம் மட்டும் ஒன்று சொன்னாள். "யாரு கேட்டாலும் காயின்னு சொல்லு. அதுக்கு மேல வாயத் தொறக்காத."

இலை போட்டாயிற்று. சோறு, கூட்டு, மோர்க்குழம்பு, கீரை, விதைத் துவையல், ரசம். எங்கள் வீட்டில் ஒரே வேளையில் இத்தனை வகைகளை நான் அதுவரை கண்டதில்லை. முற்பகலில் பழத்தைத் தின்றவர்களுக்கே நடுப்பகலில் அதன் தோலையும் விதையையும் பரிமாறிக்கொண்டிருந்தாள் அம்மா, முகத்தில் ஒரு சலனம் இல்லாமல். நான் தண்ணீர்ச் சொம்போடு நின்றேன்.

மாப்பிள்ளையின் பெரியப்பா கூட்டை இரண்டாவது முறை வாங்கிக்கொண்டார்.

"இன்னா காயி பாப்பா இது?"

"காயி," என்றேன்.

"அதான், இன்னா காயின்றேன்."

"கூட்டுக் காயி."

அவர் தலையாட்டினார். பக்கத்தில் இருந்தவரிடம், இது பிஞ்சுப் பூசணி, மதுராந்தகம் பக்கம்தான் இப்படி வெண்ணெயாக விளையும், சந்தையில் கிடைக்காது என்று விளக்கினார். பக்கத்தில் இருந்தவரும் தான் அதை முன்பே சாப்பிட்டிருப்பதாகச் சொன்னார். மாப்பிள்ளை துவையலுக்காக மட்டும் இன்னொரு பிடி சோறு கேட்டார். மாப்பிள்ளையின் அம்மா, ஒல்லியான, அதிகம் பேசாத அம்மாள், கூட்டை ஒரு வாய் வைத்தாள். நிறுத்தினாள். தட்டில் மிச்சமிருந்த சிவப்புத் துண்டுகளைப் பார்த்தாள். பிறகு குனிந்து இலையை வழித்துச் சாப்பிட்டாள்.

கடைசி ஆள் எழுந்தபோது பாத்திரங்களும் சரியாகக் காலியாகியிருந்தன. யாரும் போதவில்லை என்று சொல்லவில்லை. எனக்கு அம்மாவைத் தொட்டுப் பார்க்க வேண்டும்போல இருந்தது.

எல்லோரும் கூடத்தில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது, மாப்பிள்ளையின் அம்மா மட்டும் கைகழுவக் கொல்லைப்பக்கம் வந்தாள். அம்மா தண்ணீர் ஊற்றினாள், நான் அம்மாவின் பின்னால் நின்றேன். பச்சைத் தோலையெல்லாம் ஒரு கூடையில் போட்டு முருங்கைக் கிளையால் மூடி வைத்திருந்தோம். ஆடு கிளையை இழுத்துத் தள்ளிவிட்டு நிதானமாகத் தின்றுகொண்டிருந்தது. அந்த அம்மாள் அதைப் பார்த்தாள். குனிந்து ஒரு தோலை எடுத்து, கட்டைவிரலால் அதன் கனத்தைத் தடவிப் பார்த்தாள்.

"தோல கனமா சீவிட்டியே சம்பந்தி," என்றாள். "பச்சைய ஒட்டி சீவணும். இன்னும் ரெண்டு பேருக்கு வரும்."

அம்மா சொம்பை மறுகைக்கு மாற்றினாள். பிறகு, "அவசரத்துல சீவனது," என்றாள்.

"அதான பார்த்தேன்." அந்த அம்மாள் தோலை ஆட்டின் வாயில் கொடுத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்தபடி உள்ளே போனாள்.

அம்மா சொம்பைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு வித்தை செய்து, கடைசியில் ஓர் ஆட்டினால் பிடிபட்டுவிட்டோம்; இதில் சிரிப்பதற்கு என்ன இருக்கிறது?

வேன் கிளம்பியதும் அத்தையிடம் ஓடினேன். அவள் அடுப்படிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"அத்தை, அந்தம்மா தோலப் பாத்துட்டாங்க. எல்லாம் தெரிஞ்சி போச்சி."

அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இன்னா சொன்னாங்க? அப்டியே சொல்லு."

நான் அப்படியே சொன்னேன், ஒரு சொல் விடாமல்.

"திருப்பிச் சொல்லு."

சொன்னேன். தோல் கனமாகச் சீவியதை இத்தனை பெரிய குற்றமாக அவள் நினைப்பது எனக்கு வேதனையாக இருந்தது. இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். நான் 'சம்பந்தி' வரை வந்ததும் சுவர்ப்பக்கம் திரும்பி முகத்தை மூடிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. நான் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தேன். பெரியவர்களுக்கு ஆறுதல் சொல்ல வேண்டிய வயது எனக்கு வந்துவிட்டது என்று தோன்றியது.

"அழாத அத்தை," என்றேன். "இவங்க இல்லன்னா இன்னா, வேற மாப்ள வருவாரு."