பைன் மரத்துக்கு வேண்டிய மண்

கொடைக்கானல் மலையில் வேலை பார்த்த என் அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது அம்மா செத்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. எழுபதுகளின் கடைசி. நான் திருவண்ணாமலை டெலிபோன் எக்சேஞ்சில் ஆபரேட்டர். வயது முப்பத்தாறு. அம்மா படுத்த படுக்கையாய் இருந்த ஆறு வருஷமும் நான்தான் பார்த்துக்கொண்டேன். வந்த வரன்கள் எல்லாம் அந்தக் கட்டிலைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயின. அம்மா போன பிறகு, இனிமேல் காலையில் எழுந்தால் என் ஒருத்தி முகத்தை மட்டும் கழுவினால் போதும் என்று நினைத்திருந்தேன். அப்போதுதான் வாசலில் ஒரு ஜட்கா வந்து நின்றது. ஒரு டிரங்குப் பெட்டியும், இரண்டு ஊன்றுகட்டைகளும், அவனும்.

கொடைக்கானலுக்கு மேலே ஒரு பைன் தோப்பில் இருபது வருஷம் வாட்சராக இருந்தவன். வெட்டிப் போட்ட மரத்துண்டு ஒன்று சரிவில் உருண்டு வந்து இடுப்பை நசுக்கிவிட்டது. மதுரையில் ஆஸ்பத்திரியில் ஆறு மாதம் கிடந்துவிட்டு நேரே இங்கே பஸ் ஏறியிருக்கிறான். அம்மா படுத்திருந்தபோது ஒரு தடவை கூட வந்து எட்டிப் பார்க்காதவன். சாவுக்குத் தந்தி கொடுத்தேன், அதற்கும் வரவில்லை. தந்தி போன சமயம் அவன் ஆஸ்பத்திரியில் கிடந்தான் என்று பிறகுதான் தெரிந்தது. தெரிந்த பிறகும் என் கோபம் போகவில்லை. சண்டை போடத் தெம்பு இல்லை, அவ்வளவுதான். அம்மாவின் கட்டிலைத் துடைத்து அவனுக்குப் போட்டேன்.

சித்திரை மாதம் ஒரு மத்தியானம் அவன் பெட்டிக்குள் படக் படக்கென்று சத்தம் கேட்டது. எலி என்று நினைத்துத் துடைப்பத்தோடு போய்த் திறந்தேன். துணிகளுக்கு நடுவே பத்துப் பன்னிரண்டு பைன் காய்கள். ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்த தோப்பு ஆள் கொடுத்தபோது கல் மாதிரி மூடியிருந்தனவாம். இப்போது செதில் செதிலாக விரிந்து, வேட்டி சட்டையெல்லாம் விதை. கடுகை விடக் கொஞ்சம் பெரிய விதை, ஒவ்வொன்றுக்கும் வெங்காயத் தோல் மாதிரி ஒற்றை றெக்கை.

வந்த நாளிலிருந்து அன்றைக்குத்தான் அவன் சிரித்தான். "மேல இதுங்கள வெயில்ல நாள்கணக்கா காயப்போட்டாதான் வாயத் தொறக்கும். இங்க பெட்டிக்குள்ளயே தொறந்துகிச்சு பாரு."

அந்த விதைகளை ஒரு பால்பவுடர் டப்பாவில் போட்டு வைத்து, ஐப்பசி மழை நின்றதும் ஆற்று மணல் கலந்து தொட்டிகளில் விதைத்தான். விதைத்தான் என்று எழுதுகிறேன். மணல் கொண்டுவந்தது நான், சலித்தது நான், தொட்டி தூக்கியது நான். அவன் கட்டிலில் உட்கார்ந்தபடி விரலால் குழி போட்டான். மூன்றாவது வாரம் இருபத்திரண்டு முளை வந்தது. விதைத் தோலைத் தலையில் தொப்பி மாதிரி வைத்துக்கொண்டு வந்தன. தொப்பி விழுந்ததும் குடைக்கம்பி விரிவது போலப் பச்சை ஊசிகள்.

"தண்ணி நிக்கக் கூடாது. காயவும் கூடாது. கையால தெளி" என்பான். காலையில் டியூட்டிக்குப் போவதற்கு முன் ஒரு முறை, வந்த பிறகு ஒரு முறை. கிணறு பின்கட்டில். தொட்டிகள் முன் வாசலில் வேப்பமர நிழலில். நடுவில் முப்பது முப்பத்தைந்து எட்டு இருக்கும். எட்டு மணி நேரம் காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு ஆசிரமத்துப் பக்கத்து வெள்ளைக்காரர்களுக்கு டிரங்க் கால் போட்டுக் கொடுத்துவிட்டு வந்து, அந்த முப்பத்தைந்து எட்டை எத்தனை முறை நடந்தேனோ.

எங்கள் தெரு செங்கம் ரோட்டில் சேரும் தெரு. பௌர்ணமிக்கு மலை சுற்றுகிறவர்கள் வேப்பமரத்தடியில் நின்று மூச்சு வாங்குவார்கள். அண்ணனின் கட்டிலை அங்கேதான் போட்டிருந்தோம். செடியைப் பார்த்ததும் கேள்வி ஆரம்பமாகிவிடும்.

"இன்னா செடி இது, சவுக்கா?"

"சவுக்கு இல்லீங்க, பைன். சவுக்க இழுத்தா கணு கணுவா கழண்டு வரும். இது ஊசி. பெருசானா மூணு மூணா ஒரு கட்டா இருக்கும்."

"எத்தினி வருஷத்துல மரமாவும்?"

"மேல ஏழெட்டு வருஷத்துல ஓட்டு வீட்ட தாண்டிடும். இங்க அது மனசு வெச்சாதான்."

"எலையே உதிராதாமே?"

"உதிராம இன்னா. ரெண்டு வருஷம் இருந்துட்டு கொஞ்சம் கொஞ்சமா கொட்டும். ஒரேயடியா மொட்டையாவாது, அதனால நமக்குத் தெரியறதில்ல."

அலுக்காமல் சொல்வான். என்னிடம் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசாதவன் வழிப்போக்கர்களிடம் வேரைப் பற்றியும் பிசினைப் பற்றியும் அரைமணி நேரம் பேசுவான். நான் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். யாரும் என்னை ஒன்றும் கேட்டதில்லை.

மாசி பிறந்ததும் செடிகள் நின்றுவிட்டன. விரல் நீளத்துக்கு மேல் வளரவில்லை. சில மஞ்சளாயின, சில கத்தரிப்பூ நிறமாயின. சாணம் கரைத்து ஊற்றினேன், ஒன்றும் நடக்கவில்லை. ஒரு வாரத்தில் ஏழு செடி போயிற்று. அண்ணன் வாசலுக்கு வருவதை நிறுத்திவிட்டான். சோற்றைப் பாதியில் தள்ளிவைத்தான்.

கடைசியில் ஒரு நாள் சொன்னான். "தண்ணியால இல்ல. மண்ணு சரியில்ல. பைன் வேரு தனியா வளராது. அதோட ஒரு பூஞ்சணம் இருக்கணும், வெள்ளையா நூலு மாதிரி. அதுதான் வேருக்குத் தீனி எடுத்துக் குடுக்கும். மேல எங்க நர்சரியில புதுசா நாத்து விட்டா, பெரிய மரத்தடி மண்ண ரெண்டு கை போட்டுக் கலப்போம்."

"இங்க எங்க போறது பைன் மரத்துக்கு?"

"கொடைக்கானல் போயி ஒரு மூட்டை கொண்டாந்தா போதும்."

எனக்கு எங்கிருந்து அவ்வளவு சத்தம் வந்ததோ. "மண்ணு மூட்டைய தூக்கிகினு வரவா நான் பொறந்தேன்? அம்மாவுக்குன்னு நீ ஒரு பஸ் ஏறினியா?" என்று கத்தினேன். பக்கத்துப் போர்ஷன் அக்கா வெளியே வந்து பார்த்தாள். அண்ணன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தான்.

பத்து நாள் கழித்து லீவு போட்டுவிட்டு நானே கிளம்பினேன். அவனுக்காகப் போனேன் என்று மட்டும் சொன்னால் அது பொய். மூன்று நாள் அந்த வீட்டில் தண்ணீர் தூக்காமல் இருக்கலாம் என்பதும் ஒரு காரணம். பக்கத்து அக்கா அவனுக்குச் சோறு போடுவதாகச் சொன்னாள். விழுப்புரம் போய் ரயில் பிடித்து, கொடை ரோட்டில் இறங்கி, மறுபடி பஸ். மலையேறும்போது இரண்டு தரம் வாந்தி எடுத்தேன்.

தோப்பில் இருந்த வாட்சரிடம் அண்ணனைப் பற்றிச் சொன்னதும் அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அந்தம்மாவக் கேளுங்க" என்று தகரக் கூரை போட்ட ஒரு வீட்டைக் காட்டினார்.

எந்த அம்மா என்று எனக்குப் புரியவில்லை. போனேன். நாற்பது வயது இருக்கும் ஒரு பெண் வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தாள். திருவண்ணாமலையிலிருந்து வருகிறேன், இன்னாருடைய தங்கச்சி என்றேன். அரிவாளைக் கீழே வைத்தாள்.

"உசுரோட இருக்காகளா?"

"இருக்காரு."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பதினோரு வருஷம் இருவரும் அந்த வீட்டில் சேர்ந்து இருந்திருக்கிறார்கள். "தாலி கட்டல. கட்டச் சொல்லி நானும் கேக்கல. ஆஸ்பத்திரியில கூடவேதான் இருந்தேன். ரெண்டு நாளு மாத்துத் துணி எடுக்க மேல வந்தேன். திரும்பிப் போனா கட்டில்ல வேற ஆளு. தானாக் கெளம்பிப் போயிட்டாருன்னாக. எந்த ஊருன்னு எங்கிட்டச் சொன்னதே இல்ல."

நான் மண் விஷயத்தைச் சொன்னேன். அவள் மறு பேச்சில்லாமல் எழுந்து சாக்கும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டாள். ஒரு பெரிய மரத்தடியில் மெத்தை மாதிரிக் கிடந்த காய்ந்த ஊசிகளை ஒதுக்கினாள். அடியில் கருத்த மண். அதில் அண்ணன் சொன்ன வெள்ளை நூல் ஓடியிருந்தது. அரைச் சாக்கு நிரப்பி, வாயைத் தைத்து, தலையில் வைத்துக்கொண்டு பஸ் நிற்கும் இடம் வரைக்கும் இரண்டு மைல் நடந்தாள். கேட்டும் என்னிடம் கொடுக்கவில்லை.

"அவருகிட்ட எதனா சொல்லணுமா?" என்று கேட்டேன்.

"மண்ணு காயாமப் பாத்துக்கச் சொல்லுங்க" என்றாள். பஸ் நகர்ந்தபோது முந்தானையால் வாயை மூடிக்கொண்டு நின்றாள்.

வீட்டுக்கு வந்து மூட்டையை இறக்கியதும் அண்ணன் கை விட்டு மண்ணை அள்ளி முகர்ந்தான். பிறகு தையலைப் பார்த்தான். "யாரு தெச்சது?" என்றான்.

"தெரிஞ்சுகினே கேக்கறியா? ஏன் அவங்கள வுட்டுட்டு வந்த?"

தையலை விரலால் தடவினான். பிறகு சொன்னான்: "அவ சின்ன வயசுலேர்ந்து வெறவு சொமந்தவ. இனிமே என்னையும் சொமக்கணுமா?"

"அப்ப நான் சொமக்கலாமா?"

"நீ என் தங்கச்சி. உங்கிட்ட எனக்கு வெக்கம் இல்ல" என்றான்.

அந்தப் பதில் என்னை அடித்த அடி இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. அன்பாகத்தான் சொன்னான். எனக்கோ, அம்மாவும் இப்படித்தான் நினைத்திருப்பாளோ என்று தோன்றியது. கூட இருக்கிறவளிடம் கேட்க வேண்டியதில்லை, அவள் செய்வாள். உள்ளே போய் அடுப்பங்கரையில் உட்கார்ந்தேன். அன்று சமைக்கவில்லை. அவனும் சோறு கேட்கவில்லை.

மறுநாள் எக்சேஞ்சில் சாப்பாட்டு நேரத்தில் ஒரு இன்லேண்டு கடிதம் எழுதினேன். வீட்டு அடையாளம், பஸ் விவரம் எல்லாம் எழுதி, கடைசி வரியில் "என்னால் முடியவில்லை, வாருங்கள்" என்று எழுதினேன். யாரிடமும் அந்த வார்த்தையை அதற்கு முன் சொன்னதில்லை. அண்ணனிடம் கேட்கவும் இல்லை.

மண் கலந்த ஆறாவது வாரம் செடிகளின் நுனியில் இளம்பச்சை வந்தது. மஞ்சள் மாறியது. மிச்சமிருந்த பதினைந்தில் கத்திரி வெயில் பத்தைக் கொண்டுபோய்விட்டது. ஈரச் சாக்கு கட்டி ஐந்தைக் காப்பாற்றினேன்.

ஆனி மாதம் அவள் வந்தாள். கையில் ஒரு துணி மூட்டை. அண்ணன் அவளைக் கண்டதும் ஊன்றுகட்டையைத் தேடித் தடுமாறினான். அவள் அதை எடுத்துக் கொடுத்தாள். சண்டை, அழுகை எதுவும் நான் பார்க்கவில்லை. "வெயிலு இம்புட்டு அடிக்குது, மேலே கம்பளி கெடக்கு, போவோம்" என்றாள்.

"நடக்க முடியாதவன வெச்சிகினு இன்னா பண்ணப் போற?"

"அத நான் சொல்லணும். நீங்களா முடிவு பண்ணிட்டு ஓடி வந்தா எப்புடி?"

நாலாம் நாள் இருவரும் கிளம்பினார்கள். பஸ் ஸ்டாண்டில் அவன் என் கையைப் பிடித்து, "பாப்பா, அம்மாவுக்கு நான் வந்திருக்கணும்" என்றான். நான் சரி என்றோ பரவாயில்லை என்றோ சொல்லவில்லை. பஸ் போன பிறகு வீட்டுக்கு வந்து பாயை விரித்தேன். சாயங்காலம் நாலு மணி. மறுநாள் பால்காரர் கதவைத் தட்டித்தான் எழுந்தேன்.

அந்த ஐந்து செடியில் ஒன்றுதான் தரையில் ஊன்றிப் பிழைத்தது. எண்பதுகளின் நடுவில் என் தோள் உயரம் வந்து, கிணறு வற்றிய ஒரு கோடையில் அடியிலிருந்து சிவந்து காய்ந்தது. நானும் அதற்கு ரொம்பப் பாடுபடவில்லை.

அண்ணன் மேலே ஏழு வருஷம் இருந்தான். ஒற்றைக் கட்டையோடு நாற்றங்கால் வரைக்கும் நடப்பான் என்று அவள் யாரிடமாவது சொல்லி எழுதி அனுப்புவாள். காரியத்துக்குப் போனேன். அங்கே நான் எந்த வேலையும் செய்ய அவள் விடவில்லை. இப்போதும் கடிதம் வருகிறது. போன வாரம் வந்ததில் மழை ஜாஸ்தி, முட்டி வலிக்கிறது, உங்களுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தாள். இன்னும் பதில் போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை லீவு, அன்றைக்கு எழுத வேண்டும்.